ஏரிக்கரைக் கதவும் ஏதென்ஸ் சிறையும்

2019 நவம்பர் 2-ஆம் தேதி, சூரியனை வழிபடும் சத் பூஜையன்று, தென் கல்கத்தாவில் டாக்குரியாவை ஒட்டிப் பரந்து கிடக்கும் ரவீந்திர சரோவரின் கதவுகளில் தொங்கிய பூட்டுகள் பட்டப்பகலில் உடைக்கப்பட்டன. அந்த ஏரியில் சத் பூஜை நடத்தலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே ஆணையிட்டிருந்தது; ஏரியைப் பராமரிக்கும் கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் கதவுகளைச் சாத்தி அறிவிப்பும் செய்திருந்தது; பூஜைக்கென்று வேறு நீர்நிலைகளில் மாற்றுப் படித்துறைகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. இவ்வளவையும் கடந்து, தலையில் மூங்கில் கூடையும் தோளில் கரும்புமாக ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் மேளதாளத்தோடு உள்ளே புகுந்து, மறையும் சூரியனுக்கு நீரில் நின்று அர்க்கியம் கொடுத்து, மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் கொடுத்துவிட்டே வீடு திரும்பினார்கள். அவர்களைத் தடுக்கப் பலப்பிரயோகம் எதுவும் நடைபெறவில்லை.

சட்டம் மீறப்பட்டது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்த மீறலால் யாருக்குக் குற்றம் இழைக்கப்பட்டது, அரசுக்கா, தீர்ப்பாயத்துக்கா, அல்லது ஏரிக்கரையில் வாழும் மற்றவர்களுக்கா என்று கேட்டுப் பார்த்தால், பிரஜையானவன் அரசின் ஆணைக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்று இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தத்துவ ஞானிகள் விவாதித்துவரும் பழைய வினா டாக்குரியா ரயில் நிலையத்துக்கு அருகிலேயே நம் வழியை மறித்து நிற்பதைக் காணலாம்.

முதலில் ஏரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சதுப்பும் புதருமாய்க் கிடந்த சுமார் 192 ஏக்கர் நிலத்தைக் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் 1920-களில் கைக்கொண்டு, ஒரு பகுதியை வெட்டி, வெட்டிய மண்ணைக்கொண்டு சுற்றியிருந்த தாழ்நிலங்களை மேடாக்கி வீட்டுமனைகளாக்கியது; அவ்வாறு பிறந்ததே இந்த நீர்நிலை. டாக்குரியா ஏரி என்றே நெடுங்காலம் வழங்கிவந்து 1958-இல் தாகூரின் பெயரைப் பெற்றது. காலையில் உலாவ வருவோரும், படகு ஓட்டப் பழகும் மாணவரும், குளிர்காலத்தில் தூரதேசத்திலிருந்து வந்திறங்கும் பறவைகளும், வடமேற்கே லேக் மார்க்கெட் பக்கம் காப்பித்தூளும் முருங்கைக்காயும் வாங்கும் நம்மவர்களும் இதைத் தத்தமக்குச் சொந்தமென்றே கருதுகிறார்கள். எழுபத்து மூன்று ஏக்கர் நீர்ப்பரப்பு. ஆறு வந்து கலந்து அழுக்கை அடித்துச் செல்லும் வசதி இல்லாதது. ஆகையால் ஒரே நாளில் ஆயிரம் கைகள் விடுகின்ற பாலும் எண்ணெயும் பூவும் குங்குமமும் அங்கேயே தங்கி மக்கி, மீன்கள் சுவாசிக்கும் பிராணவாயுவை நீரிலிருந்து உறிஞ்சிவிடும். 2019 பூஜைக்குப் பிறகு மீன்களும் ஆமையும் செத்து மிதந்ததாக நாளேடுகள் எழுதின.

பூட்டை உடைத்தவர்களைக் காலிகள் என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். பத்திரலோகம் எனப்படும் கல்கத்தாவின் படித்த மேல்தட்டில் அன்று பலர் அப்படித்தான் ஏசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பீஹாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் சணல் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் டாக்ஸி ஓட்டவும் சுமை தூக்கவும் தலைமுறை தலைமுறையாக இந்நகருக்கு வந்தவர்களின் பண்டிகை அது. புரோகிதர் துணை வேண்டாத வழிபாடு; முப்பத்தாறு மணி நேரம் தண்ணீரும் அருந்தாமல் விரதமிருந்து, அந்தத் தேகத்தோடு கார்த்திகை மாதத்துக் குளிர்ந்த நீரில் நிற்கும் தாய்மார்களின் வழிபாடு. தைத் திருநாளில் சூரியனுக்குப் பொங்கலிடும் தமிழர்களுக்கு அந்தப் பக்தி விளங்காமற்போகாது. ஆகவே அவர்கள் செய்ததை நியாயத் தராசில் நிறுத்தத்தான் வேண்டும். இகழ்ந்து ஒதுக்குவது நிறுத்துப் பார்ப்பதாகாது.

மேல்நாட்டுச் சிந்தனையில் இந்த வழக்குக்கு முதல் சாட்சி சாக்ரடீஸ். கி.மு. 399-இல் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த அவரைத் தப்புவிக்க, காவலாளியைச் சரிக்கட்டி எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிட்டு விடியற்காலையில் வந்து அழைக்கிறான் நண்பன் கிரிட்டோ. சாக்ரடீஸ் மறுக்கிறார். ஏதென்ஸின் சட்டங்களே உருவெடுத்து வந்து தம்மிடம் வாதிடுவதாகக் கற்பனை செய்துகொண்டு, அவற்றின் வாயால் மூன்று காரணங்களைச் சொல்லவைக்கிறார் பிளேட்டோவின் சாக்ரடீஸ்: உன் பெற்றோரின் விவாகத்தையும் உன் வளர்ப்பையும் கல்வியையும் நாங்களே காத்தோம், ஆகவே பெற்றோருக்கும் மேலான கடன் எங்களுக்கு நீ பட்டாய், பிடிக்கவில்லையென்றால் பொருளோடு வெளியேறிப் போக உனக்கு வழி திறந்திருந்தும் எழுபது ஆண்டுகள் இங்கேயே இருந்தாய், ஆகவே எங்களுக்கு உடன்பட்டாய், எங்கள் தீர்ப்பு தவறென்றால் வாதாடி எங்களை மாற்று, மாற்ற இயலாவிட்டால் பணிந்து நட. நன்றியறிதல், சம்மதம், வாதாடு அல்லது பணி என்னும் இம்மூன்றையும் பின்வந்த ஐரோப்பியத் தத்துவ ஞானிகள் ஒவ்வொருவராக எடுத்துப் பெருக்கியும் சுருக்கியும் பார்த்தார்கள் என்று சொன்னால் பெரும் பிழையாகாது.

ஆனால் இதே சாக்ரடீஸ்தான், முப்பதின்மர் என்ற கொடுங்கோலர் ஆட்சியில், ஸலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவனைக் கொலைக்களத்துக்குப் பிடித்துவரும்படி தம்மையும் சேர்த்து ஐவருக்கு ஆணையிடப்பட்டபோது, மற்ற நால்வரும் புறப்பட்டுச் செல்ல, தாம் மட்டும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடந்துவிட்டவர். அவரே தம் விசாரணையில், தத்துவ விசாரத்தை நிறுத்திக்கொள்ள வேண்டுமென்ற நிபந்தனையில் விடுதலை அளித்தாலும் ஏற்கமாட்டேன் என்றார். இந்த முரண்பாட்டைத் தீர்க்கப் பண்டிதர்கள் எத்தனையோ ஏடுகளைச் செலவிட்டிருக்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: தமக்கு இழைக்கப்படும் அநீதியைச் சகித்துக்கொள்ளச் சித்தமாயிருந்த சாக்ரடீஸ், பிறனுக்கு அநீதி இழைக்கும் கருவியாக ஒருபோதும் இசையவில்லை. அவருடைய கணக்கில் கீழ்ப்படிதலின் எல்லை, அதனால் அடிபடுகிறவன் யார் என்பதைப் பொறுத்து நிர்ணயமாகிறது. சட்டங்களின் நீண்ட பிரசங்கத்தைவிட இந்தச் சிறு வேறுபாடு எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது; டாக்குரியாவின் சரித்திரமும் அதையே கேட்கத் தூண்டுகிறது.

நம் நாட்டு நூல்கள் வினாவை மறுபுறத்திலிருந்து கேட்டன. மகாபாரதத்துச் சாந்தி பர்வத்தில், பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் அராஜக நிலைக்கு அஞ்சிய மக்கள் பிரம்மாவை அணுக, அவர் காட்டிய மனு அரசனாக முதலில் தயங்குகிறான். கால்நடையிலும் பொன்னிலும் ஐம்பதில் ஒரு பங்கும் தானியத்தில் பத்தில் ஒரு பங்கும் தருவதாகக் குடிகள் வாக்களித்த பின்னரே இசைகிறான். பௌத்தரின் அக்கஞ்ஞ சுத்தமோ, மக்கள் கூடித் தேர்ந்தெடுத்து நெல்லில் பங்கு கொடுத்து அமர்த்திய மகாசம்மதனைச் சொல்கிறது. இரண்டிலும் அரசன் கூலி பெறுகிற காவலன். கூலிக்கு வேலை நடக்கவில்லையென்றால் என்ன என்ற கேள்வியையும் மகாபாரதம் தயங்காமல் எழுப்பி, கேட்கக் கூசும் அளவுக்குக் கடுமையான விடையையே அளிக்கிறது. திருவள்ளுவரோ அரசியலுக்கென இருபத்தைந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என மூன்றை அடுத்தடுத்து வைத்தவர், குடிகள் அடங்கி நடக்கவேண்டுமென்று சொல்வதற்குத் தனியே ஓர் அதிகாரம் ஒதுக்கவில்லை. கோல் நேராக நின்றால் குடி தானே நிற்கும் என்று எண்ணினார் போலும்.

இனி, ஏரிக்குத் தெற்கே போவோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இப்பகுதியில் படை வீரர்களின் முகாம்கள் இருந்தன. யுத்தம் முடிந்து அவை காலியானபோது, பிரிவினையால் ஊரையும் உடைமையையும் இழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் 1948-இல் ஜாதவ்பூர்ப் பக்கத்துப் படைக் கொட்டகைகளில் குடியேறினார்கள். விஜய்கட் என்னும் குடியிருப்பு அப்படித் தோன்றியது. 1949-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1950-இலும் தென் கல்கத்தாவின் விளிம்பெங்கும் தரிசுகளில் ஒரே இரவில் மூங்கிலும் ஹோக்லா என்னும் கோரை இலையும் கொண்டு குடிசைகள் முளைத்தன. நிலத்துக்கு உடையவர்கள் இருந்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. போலீஸ் வருவதைக் கண்டவுடன் பெண்கள் சங்கு ஊதுவார்கள். குடியிருப்பு முழுவதும் திரண்டு நிற்கும். பகலில் பிய்த்தெறிந்த கூரை இரவில் மறுபடி ஏறும். வெளியேற்றுவதற்காக 1951-இல் அரசு கொண்டுவந்த மசோதா, அகதிகளின் போராட்டத்துக்குப் பிறகு, வெளியேற்றத்தோடு புனர்வாழ்வையும் பெயரிலேயே தாங்கிய சட்டமாக நிறைவேறியது. 1950 டிசம்பர் 31-க்குள் குடியேறிய அகதிகளுக்கு அது பாதுகாப்பளித்தது.

தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் வெளியிட்ட ‘லெவியதன்’ என்ற நூலில், குடிகளின் கடப்பாடு அரசனுக்கு அவர்களைக் காக்கும் வல்லமை இருக்கும் வரையில்தான் என்கிறார். சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர் என்று பெயரெடுத்த அவரிடமே இந்த ஓட்டை இருப்பது விசித்திரம். கிழக்கே ஒரு ராஜ்யம் இந்த அகதிகளைத் துரத்தியது. மேற்கே மற்றொரு ராஜ்யம் சியால்தா ரயிலடியில் அவர்களைக் கிடக்க விட்டது. ஹாப்ஸின் கணக்கில் அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்களல்லர். ஆனால் அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறவில்லை. கமிட்டி அமைத்தார்கள், மனைகளை அளந்து பகிர்ந்தார்கள், சாலைக்கும் பள்ளிக்கும் இடம் விட்டார்கள், விஜய்கட்டில் 1950-இலேயே ஒரு கல்லூரி எழுந்தது. அரசின் சட்டத்தை மீறியவர்கள் தமக்குள் ஒரு சட்டத்தைப் படைத்து அதற்கு அடங்கினார்கள் என்றால், கீழ்ப்படிதலுக்கு வேர் அரசாங்கம் என்று எப்படிச் சொல்வது? நில உடையவர்கள் நஷ்டப்பட்டார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டிய கடமை அரசைச் சார்ந்ததேயன்றி, போக்கிடமற்றவனைச் சார்ந்ததாகாது என்பது என் துணிபு.

டாக்குரியாவில் இன்னொரு கதவும் உண்டு. 2011 டிசம்பர் 9-ஆம் நாள் பின்னிரவில் அங்கிருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. கார்கள் நிற்கவேண்டிய இடத்தில் எளிதில் எரியும் பொருள்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றவேண்டுமென்று தீயணைப்புத் துறை முன்னமே சொல்லியிருந்தது. கண்ணாடியால் மூடிய குளிர்சாதனக் கட்டடம் முழுவதும் புகை ஏறி, படுக்கையிலிருந்த நோயாளிகள் சுமார் தொண்ணூறு பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். பக்கத்துப் பஞ்சானன்தலா சேரியின் இளைஞர்கள் முதலில் புகையைக் கண்டு ஓடிவந்தபோது காவலாளிகள் வாயிலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பின்னர் அவர்கள் தடையை மீறி ஏறிக் குதித்து, கண்ணாடியை உடைத்து, நோயாளிகளைச் சுமந்து இறக்கினார்கள். கேரளத்திலிருந்து வந்து பணியாற்றிய செவிலியர் இருவர் எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டுத் தாம் உயிர் நீத்தார்கள். அன்று வாயிலில் நின்ற காவலாளி முதலாளியின் உத்தரவுக்கு அடங்கியவன். சுவரேறிய சேரிப் பையன் அடங்காதவன். எவர் பக்கம் நியாயம் இருந்தது என்று எந்தத் தத்துவ ஞானியையும் எழுப்பிக் கேட்கத் தேவையில்லை. அடித்தளத்து விதியை மீறியவர்களோ எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, தாளம் தட்டவில்லை, ஊர்வலம் போகவில்லை. ஓசையில்லாத மீறலை நம் சமூகம் மீறலாகவே எண்ணுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

சம்மதக் கொள்கைக்கு வருவோம். ஒரு நாட்டின் ராஜபாட்டையில் தடையின்றி நடந்தாலே அந்நாட்டுச் சட்டத்துக்கு மறைமுகமாக இசைந்ததாகும் என்றார் ஜான் லாக். 1748-இல் டேவிட் ஹ்யூம் இதைக் கேலி செய்தார்: அந்நிய மொழி அறியாமல் அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஏழை உழவன் நாட்டைவிட்டுப் போக உரிமையிருந்தும் போகவில்லை, ஆகவே சம்மதித்தான் என்பது, தூங்கும்போது கப்பலில் தூக்கிப்போடப்பட்டவன் கடலில் குதிக்கவில்லை, ஆகவே மாலுமிக்கு உடன்பட்டான் என்பதைப் போன்றது என்றார். பீஹாரின் பஞ்சத்துக்குத் தப்பி ஹௌராவில் இறங்கிய சுமைகூலிக்காரனை நினைக்கும்போது எனக்கு ஹ்யூம் பக்கமே மனம் சாய்கிறது. அவனிடம் எவரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. அவன் பேரனை நோக்கி, நீ இசைந்த சட்டத்தை நீயே மீறினாய் என்று குற்றஞ்சாட்டுவது வெறும் சொற்சாதுரியம்.

அப்படியானால் ஏரிக் கதவை உடைத்ததும் சரிதானா? இல்லை என்றே சொல்வேன். ஆனால் என் காரணம் லாக்கினுடையதன்று. 1955-இல் ஹார்ட் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் ஒரு சிறு கட்டுரையில் எளிய கருத்தொன்றை முன்வைத்தார். பலர் கூடி ஒரு விதிக்குத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஒரு பொது நன்மையைக் காக்கும்போது, அந்நன்மையில் பங்குபெறும் ஒவ்வொருவனும் தன் முறை வரும்போது கட்டுப்பட்டாக வேண்டும். அந்தக் கடன் அரசாங்கத்துக்கு உரியதன்று, முன்பே அடங்கி நடந்த சகபிரஜைகளுக்கு உரியது. ஏரியில் துணி வெளுக்காமல், குப்பை கொட்டாமல் இருந்துவரும் பல்லாயிரம் பேருக்கு நாம் ஒவ்வொருவரும் பட்ட கடன் அது. 1950-இல் வீடற்றவன் மண்ணில் குச்சி நட்டதும், 2011-இல் சேரிப் பையன் சுவரேறியதும் உயிர் பிழைக்கவும் பிழைப்பிக்கவும். வேறு வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. 2019-இல் வழி அடைபடவில்லை. வேறு படித்துறைகள் காத்திருந்தன. அடிபட்டது நீரும், நீரில் வாழ்வனவும், அவற்றைக் காக்கத் தம் வசதியைக் குறுக்கிக்கொண்ட அண்டையாரும். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தையும் இங்கே இழுக்கலாகாது. அவர் சட்டத்தை மீறியபோது தண்டனையைக் கேட்டு வாங்கினார், கூட்டத்தில் கலந்து மறையவில்லை.

இத்தனையும் சொன்னபின், குற்றத்தின் பெரும்பங்கை நான் பக்தர்மேல் ஏற்றமாட்டேன். தீர்ப்பாயம் ஆணையிட்ட பிறகு 2018-லும் பூஜை தங்குதடையின்றி நடந்தது. கண்டும் காணாமல் விட்டார்கள். ஓராண்டு சும்மா இருந்த அரசு மறு ஆண்டு மெல்லிய பூட்டொன்றைத் தொங்கவிட்டால், ஆணையின் வாசகத்தை நம்புவதா, ஆணையிட்டவரின் நடத்தையை நம்புவதா? ஜனங்கள் நடத்தையை நம்பினார்கள். அதற்கும் மேலாக, 2020-இல் ஏரியின் காவலனாகிய பெருநகர வளர்ச்சி ஆணையமே, நிபந்தனைகளோடு பூஜையை அனுமதிக்க வேண்டுமென்று தீர்ப்பாயத்தின் வாசலில் மனுப் போட்டது. செப்டம்பரில் தீர்ப்பாயம் மறுத்தது. விடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நவம்பரில் பூஜைக்கு முந்தின நாள் அதுவும் தீர்ப்பாயத்தின் ஆணைக்குத் தடைவிதிக்க மறுத்தது. வாதாடு அல்லது பணி என்ற சாக்ரடீஸின் விதியை நிறைவேற்றியதாக அந்த அலுவலகம் பெருமைப்படலாம். ஆனால் காக்கவேண்டியவனே கதவைத் திறந்துவிட வாதாடியதற்கு, வாக்கு எண்ணிக்கையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. தோற்ற பிறகு போலீஸ் வாயில்களில் நின்றது; மாற்றுப் படித்துறைகள் மிகுதியாக்கப்பட்டன; அதே மக்கள், அதே கூடை கரும்போடு, வேறு நீரில் இறங்கி அதே சூரியனை வணங்கினார்கள். மதவெறி பிடித்தவர்கள் என்று முந்தின ஆண்டு பழிக்கப்பட்டவர்கள் இவர்களே.

ஒரு கேள்வி மட்டும் அவர்கள் சார்பில் மிஞ்சி நிற்கிறது. 2016-இல் இதே ஏரியின் கரையிலுள்ள ஸ்டேடியத்தில், இரவைப் பகலாக்கும் விளக்கொளியில், கல்கத்தா அணியின் ஐ.எஸ்.எல். கால்பந்துப் பந்தயங்கள் நடந்தன. பறவைகள் கூடடையும் இடம் என்று அப்போதும் வழக்கு வந்தது. நிபந்தனைகளோடு அனுமதியும் வந்தது. படகுச் சங்கங்களுக்கும் கரையோர மனமகிழ் மன்றங்களுக்கும் ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு சட்டம், வருஷத்தில் ஒரு நாள் வரும் எங்களுக்கு ஒரு சட்டமா என்று பீஹார்க் கிழவி ஒருத்தி கேட்டால், நீரில் எண்ணெய் ஊற்றுவதும் பந்து உதைப்பதும் ஒன்றாகா என்று நான் பதில் சொல்லக்கூடும்; பறவைகளைக் காட்டி அவள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதிலில்லை. சங்கங்களுக்கும் விளையாட்டு அரங்கத்துக்கும் விதித்த நிபந்தனைகள் என்னென்ன, அவை நிறைவேறினவா என்பதை, பூஜைத் தடையைப் போலவே வங்காளியிலும் ஹிந்தியிலும் பெரிய எழுத்தில் எழுதி, ஆணையம் அதே கதவுகளில் தொங்கவிட வேண்டும். அதைச் செய்ய எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.